சோற்றுப் பெட்டிக்குள் ஓர் ஒற்றன்

யப்பானியத் தாய்மார் தம் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கும் மதிய உணவுப் பெட்டிகளுக்குள் அண்மை ஆண்டுகளில் ஒற்றர்கள் குடியேறியிருக்கிறார்கள். சோற்றைப் பிடித்து முகமாக்கி, 'நோரி' எனப்படும் கரிய கடற்பாசித் தாளைக் கத்தரித்துக் கறுப்புக் கண்ணாடியும் விளிம்பு அகன்ற தொப்பியும் அணிவித்து, மெல்லியதாகப் பொரித்த முட்டையை மடித்து மழையங்கியாகப் போர்த்திவிட்டால், புறொக்கோலிப் பற்றைக்குள் பதுங்கியிருக்கும் உளவாளி ஆயத்தம். வேறொரு பெட்டியில் 'ஸ்பை ஃபமிலி' சித்திரக்கதையின் அன்யா என்ற சிறுமி சிரிக்கிறாள். அவளுடைய இளஞ்சிவப்புத் தலைமயிருக்குப் பன்றியிறைச்சித் துண்டோ, 'சகுரா தென்பு' எனப்படும் சாயமேற்றிய இனிப்பு மீன்துகளோ பயன்படுகிறது. எண்டோ தட்சுயா வரைந்த இக்கதை 2019 மார்ச்சில் தொடராக வெளிவரத் தொடங்கி, 2022இல் தொலைக்காட்சிக்கு வந்து, உலகெங்கும் பரவியது. தந்தை ஒற்றன், தாய் கூலிக்குக் கொலைசெய்பவள், தத்தெடுத்த மகளோ பிறர் மனத்தைப் படிப்பவள். மூவரும் தத்தம் இரகசியத்தை மற்றவரிடமிருந்து மறைத்துக்கொண்டு ஒரே மேசையில் உண்கிறார்கள்.

இவ்வாறு உருவங்களைச் சோற்றில் வடிக்கும் கலைக்குக் 'கியாராபென்' என்று பெயர். இதைக் கண்டவர்கள், இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்பதுண்டு. எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. பத்திரிகைத் தொழிலில் மூன்று தசாப்தங்களுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில், ஒற்றர்களைப் பற்றியும் ஒற்றர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைப் பற்றியும் நிறையப் படித்திருக்கிறேன். அந்த வாசிப்பில், யப்பானியச் சோற்றுப் பெட்டியும் ஒற்றனும் இன்று நேற்று அறிமுகமானவர்கள் அல்லர் என்பது எனக்குப் புலப்பட்டது. மறைத்தல், கண்காணித்தல், மூடியைத் திறந்து பார்த்தல் ஆகிய மூன்றும் அப்பெட்டியின் வரலாறு நெடுகக் காணப்படுகின்றன.

'பெந்தோ' என்ற சொல், வசதி என்ற பொருளில் சீனத்தின் தென்பகுதியில் வழங்கிய ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பர். ஓடா நொபுனாகா என்ற படைத்தலைவர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், தம் அசுச்சிக் கோட்டையில் பலருக்கு ஒரேவேளையில் உணவு பங்கிட்டபோது இச்சொல்லைப் பயன்படுத்தினார் என்றொரு கதையும் உண்டு. சொல்லுக்கு முன்னரே பொருள் இருந்தது. வேகவைத்து உலர்த்திய சோற்றைப் போர்வீரரும் வழிப்போக்கரும் பையில் கொண்டுசென்றனர். நீரில் நனைத்தோ அப்படியே மென்றோ உண்டனர். எம்மவர் கட்டுச்சோறு கட்டிய தேவையும் இதுவேதான்.

வழிப்போக்கரிலே ஒருவகையினர் 'ஷினோபி'. திரைப்படங்கள் நிஞ்ஜா என்று உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் இவர்களே. கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு கூரைமேல் பாய்பவர்களாக நாம் இவர்களைக் கற்பனை செய்கிறோம். உண்மையில் வணிகராகவும் துறவியராகவும் கூத்தாடிகளாகவும் வேடமிட்டு ஊருக்குள் நடமாடிச் செய்தி சேர்ப்பதே இவர்களின் முதன்மைத் தொழில். 1676இல் புஜிபாயாஷி யசுதாக்கே தொகுத்த 'பன்சென்ஷூக்காய்' என்ற நூல் இவர்களுடைய கலைகளை விரிவாகச் சொல்கிறது. அதிலே உணவுக்கும் இடமுண்டு. பசியாற்றும் உருண்டை ஒன்று. ஜின்செங் வேர், கோதுமை மா, அரிசி மா, அதிமதுரம் முதலியவற்றை மதுவில் நெடுங்காலம் ஊறவைத்து உருட்டுவது. தாகந்தணிக்கும் உருண்டை இன்னொன்று. அதன் முதன்மைப் பொருள் 'உமெபோஷி' என்னும் உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத்தின் சதை. நினைத்தாலே வாயில் நீர் ஊறச்செய்யும் அந்தப் புளிப்பைத் தாகத்துக்கு மருந்தாக்கிய கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தது ஐந்நிற அரிசி. நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஊதா எனச் சாயமேற்றிய அரிசியை ஷினோபிகள் வழியோரங்களில் தூவியும் குவித்தும் தம் கூட்டாளிகளுக்குச் செய்தி விட்டுச்சென்றனர் என்று சொல்லப்படுகிறது. நிறங்களின் சேர்க்கையும் மணிகளின் எண்ணிக்கையும் குறியீடாகும். சாயம் பூசிய அரிசியைப் பறவைகள் தீண்டாதாம். இதை வாசித்தபோது எனக்கு யப்பானியச் சமையலின் இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. நல்ல உணவிலே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய ஐந்து நிறங்களும் இருக்கவேண்டும் என்பது அந்த விதி. இன்றும் பெந்தோ கட்டுகின்ற தாய் சோறும் எள்ளும் கரட்டும் முட்டையும் கீரையும் கொண்டு அந்த ஐந்தையும் நிரப்பப் பார்க்கிறாள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று நான் சொல்லவரவில்லை. உணவின் நிறத்தைப் படிக்கப் பழகிய ஒரு சமூகம் அதை எழுத்தாகவும் பயன்படுத்தியதில் வியப்பில்லை என்பதே என் கருத்து.

இனி ஒக்காயமாவுக்கு வருவோம். பெட்டிக்குள் ஒளித்தல் என்ற விடயத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் ஒக்காயமாவை ஆண்ட சிற்றரசர் இக்கெடா மிட்சுமசா (1609-1682). கொன்பியூசியக் கொள்கையில் ஊறியவர், கல்விக்குப் பெருந்தொண்டு செய்தவர், சிக்கனத்தைச் சட்டமாக்கியவர். குடிமக்கள் ஒருவேளை உணவுக்கு ஒரு சூப்பும் ஒரு கறியும் மட்டுமே கொள்ளவேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஆனால் அந்தக் கடற்கரையோ செட்டோ உள்நாட்டுக் கடலின் மீன்வளம் கொழிக்கும் கரை. மக்கள் என்ன செய்தார்கள்? மீனையும் இறாலையும் விலாங்கையும் காய்கறிகளையும் பெட்டியின் அடியில் அழகாக அடுக்கி, அவற்றின் மேல் புளிக்காடிச் சோற்றைப் பரப்பி மூடினார்கள். திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு வெறுஞ்சோறு. உண்ணும் வேளையில் பெட்டியைக் கவிழ்த்தால் விருந்து. அன்றேல், காய்கறியையும் மீனையும் பொடிப்பொடியாக நறுக்கிச் சோற்றோடு கலந்து அதை 'ஒரு கறி' என்று கணக்குக் காட்டினார்கள்.

இது ஊர்வழக்கு; அரசாங்க ஏட்டில் பதிந்த செய்தியன்று. ஆனாலும் ஒக்காயமாவின் 'பரா சூஷி' என்ற உணவின் பிறப்பை அவ்வூரார் இன்றும் இப்படித்தான் விளக்குகிறார்கள். கவிழ்த்து உண்ணும் சூஷிக்கு அங்கே தனிப்பெயரே உண்டு.

இந்தக் கதையை நம்புவதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. சோதனைச் சாவடிகளில் சோற்றுப் பொதியை விரித்துக் காட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். வாழையிலைக்குள் இருந்த புட்டைத் துவக்கு நுனியால் கிளறிப் பார்த்த ஒருவரின் முன்னே நின்றவனுக்கு, ஒரு சிற்றரசனின் அதிகாரி வந்து பெட்டியின் மூடியைத் திறந்திருப்பான் என்பது கற்பனையாகத் தோன்றாது.

ஏனைய பெட்டிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எடோ காலத்தில் கபுக்கி நாடகத்தின் திரை இறங்கி ஏறும் இடைவேளைகளில் உண்பதற்காக உருவானது 'மகுனோஉச்சி'. புகையிரதம் வந்தபின் நிலையங்களில் விற்கப்பட்டது 'எக்கிபென்'. 1885 யூலை 16ஆம் திகதி உட்சுனோமியா நிலையத்தில், உமெபோஷி வைத்த இரண்டு சோற்று உருண்டைகளும் முள்ளங்கி ஊறுகாயும் மூங்கில் மடலில் பொதிந்து 5 சென்னுக்கு விற்கப்பட்டதையே முதலாவது எக்கிபென்னாகப் பெரும்பாலோர் கொள்வர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலுமினியப் பெட்டி வந்தது. பளபளக்கும் அப்பெட்டி வகுப்பறைக்குள் நுழைந்ததும் ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு மேசைமேல் ஏறிவிட்டது. நிமிர்த்தி வைத்த மூடியையோ கையையோ மறைப்பாக்கிக் குனிந்து உண்ட மாணவர்களைப் பற்றி அக்காலத்தவர் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஒக்காயமாவில் செல்வத்தை மறைத்தார்கள். இங்கே வறுமையை மறைத்தார்கள். உணவே கொண்டுவர இயலாத பிள்ளைகளுக்கு 1889இலேயே யமகட்டா மாகாணத்தின் ட்சுருஓக்காவில் ஒரு புத்த ஆலயத்திலிருந்த பாடசாலை மதிய உணவு கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஆயினும் பாடசாலை உணவுக்கென நாட்டில் ஒரு சட்டம் வர 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கிடையில் போர் வந்துவிட்டது. சீனத்தில் போர் நீண்டுகொண்டிருந்த 1939 செப்ரெம்பர் முதலாக, ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி 'ஆசிய எழுச்சிக்கான பணி நாள்' என்று அரசு அறிவித்தது. அன்று எல்லோரும் 'ஹினோமாரு பெந்தோ' உண்ணவேண்டும். நீள்சதுரப் பெட்டியில் வெள்ளைச் சோறு. நடுவே ஒரேயொரு சிவந்த உமெபோஷி. திறந்தால் தேசியக் கொடி. உணவைக் கொண்டு உருவம் சமைக்கும் கலையில் இதுவும் ஒன்று என்பதைக் கியாராபென்னைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் எழுதுபவர்கள் ஏனோ சொல்வதில்லை. போர்க்களத்து வீரனின் கடினத்தை நினைத்து உண்ணுமாறு பணிக்கப்பட்ட இந்தப் பெட்டியை ஆசிரியர் திறந்து பார்க்கலாம், அயலார் கவனிக்கலாம். பழத்தின் புளிப்பு அலுமினிய மூடியை அரித்துத் துளையிட்டது என்பது அன்றைய வகுப்பறைகளின் பொது அனுபவம். காலப்போக்கில் அந்த வெள்ளைச் சோறும் கிடைக்காமற் போயிற்று. 1941 ஏப்ரலில் ஆறு பெருநகரங்களில் அரிசிப் பங்கீடு வந்தது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிராம். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் கரிந்துபோன ஓர் உணவுப் பெட்டி இருக்கிறது. குண்டு விழுந்த 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி இடைநிலைப் பாடசாலையின் முதலாண்டு மாணவன் ஒருவன் கொண்டுசென்ற பெட்டி அது. சோயா அவரையும் வாற்கோதுமையும் கலந்த சோறு உள்ளே கரியாகக் கிடக்கிறது. மகனைத் தேடிச்சென்ற தாய், அவனது உடலோடு கண்டெடுத்தது.

நிற்க. அலுமினியப் பெட்டிகளின் அதே காலத்தில், ஒரே ஆண்டில் நிகழ்ந்த இருவேறு நிகழ்ச்சிகளை இங்கே அருகருகே வைக்க விரும்புகிறேன்.

1933இல், ஒசாக்காவில் கிச்சோ என்ற உணவகத்தை நடத்திய யூக்கி தெயிச்சி, பழைய பெட்டியொன்றைக் கண்டார். நான்கு அறைகளாகச் சிலுவைக் குறுக்குச் சட்டத்தால் பிரிக்கப்பட்ட சதுரப் பெட்டி. உழவர்கள் விதை வைக்கப் பயன்படுத்திய அவ்வகைப் பெட்டியை, பதினேழாம் நூற்றாண்டில் ஷோகாடோ ஷோஜோ (1584-1639) என்ற துறவி தம் வண்ணங்களையும் புகையிலையையும் வைப்பதற்கு எடுத்துக்கொண்டார். யூக்கி அதனைச் சற்றுச் சிறிதாக்கி, மூடி சேர்த்து, தேநீர்ச் சடங்கின் உணவைப் பரிமாறும் பெட்டியாக்கினார். ஓர் அறையின் மணம் மறு அறைக்குச் செல்லாது. சூடும் குளிரும் தத்தம் இடத்தில் நிற்கும். 'ஷோகாடோ பெந்தோ' இவ்வாறு பிறந்தது. விதைப்பெட்டி வண்ணப்பெட்டியாகி, வண்ணப்பெட்டி உணவுப் பெட்டியாகியது. மூன்று வேடங்கள் போட்ட பெட்டி இது.

அதே 1933இன் செப்ரெம்பர் 6ஆம் திகதி யொக்கஹாமாத் துறைமுகத்தில் ஒரு ஜேர்மன் பத்திரிகையாளர் வந்திறங்கினார். ரிச்சார்ட் சோர்கே என்பது அவர் பெயர். 'ஃபிராங்ஃபுர்ட்டர் சைட்டுங்' முதலிய ஏடுகளுக்கு எழுதினார். நாஜிக் கட்சி உறுப்பினரானார். டோக்கியோவின் ஜேர்மன் தூதரகத்தில் தூதுவருக்கே ஆலோசகர்போல் நடமாடினார். உண்மையில் அவர் சோவியத் இராணுவ உளவுத்துறையின் ஆள். அவரது வலையில் நால்வர் முதன்மையானவர்கள்: பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்துக்கு எழுதிய யூகோஸ்லாவியர் வுகெலிச், ஒக்கினாவாவில் பிறந்த ஓவியர் மியாகி, வானொலிக் கருவியை இயக்கிய கிளவுசன், 'அசாஹி' பத்திரிகையில் எழுதியவரும் சீன விவகாரங்களில் வல்லவருமான ஒசாகி ஹொட்சுமி.

ஒசாகி பிரதமர் கொனொயேயின் ஆலோசகர் வட்டத்தில் இடம்பெற்றவர். அந்த வட்டத்தார் காலையுணவின்போது கூடி நாட்டு நிலைமையை விவாதித்தமையால் அதற்குக் 'காலையுணவுக் குழு' என்று பெயர். யப்பானிய அரசின் உள்ளெண்ணங்கள் அந்த மேசையிலிருந்து ஒசாகியின் காதுக்கும், டோக்கியோவின் உணவகங்களில் நிகழ்ந்த சந்திப்புகளில் அவரிடமிருந்து சோர்கேக்கும் சென்றன. பெட்டகங்களை உடைத்தும் சாவித்துளை வழியே பார்த்தும் பெறப்பட்டவையல்ல அவை. மனிதர்கள் சேர்ந்து உண்ணும்போது பேசிக்கொண்டவை. 1941 இலையுதிர் காலத்தில், யப்பான் சைபீரியாவைத் தாக்காது, தெற்கே திரும்பும் என்று சோர்கே மொஸ்கோவுக்கு அறிவித்தது உளவு வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் செய்தி.

ஒற்றனென்றால் கூட்டத்தில் கரைந்துபோகிறவன் என்ற எண்ணத்துக்கு சோர்கே நேர்மாறானவர். குடித்தார், பலரோடு காதல் கொண்டார், 1938இல் மோட்டார் சைக்கிளில் மோதித் தாடை உடைந்து மருத்துவமனையில் கிடந்தபோது, சட்டைப்பையிலிருந்த இரகசியத் தாள்களைக் கிளவுசன் வந்து எடுத்துச்செல்லும்வரை நினைவிழக்காமல் தாக்குப்பிடித்தார். கின்சாவிலிருந்த ஜேர்மன் உணவகமொன்றில் பரிமாறுபவராக இருந்த இஷி ஹனாகோவை அவர் சந்தித்தது 1935இல்.

1941 ஒக்டோபர் நடுப்பகுதியில் எல்லோரும் கைதாயினர். செய்தி 1942 மே மாதத்தில்தான் வெளியே விடப்பட்டது. மியாகியும் வுகெலிச்சும் சிறையில் மாண்டனர். சோர்கேயும் ஒசாகியும் 1944 நவம்பர் 7ஆம் திகதி சுகாமோ சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஒசாகி சிறையிலிருந்து மனைவிக்கும் மகளுக்கும் எழுதிய கடிதங்கள் 1946இல் நூலாகி யப்பானில் பெருவிற்பனை கண்டன. போருக்குப் பின் ஹனாகோ, இனந்தெரியாதோர் புதைக்கப்பட்ட இடத்தில் சோர்கேயின் எலும்புகளைத் தேடிக் கண்டுபிடித்து, தாமா மயானத்தில் அடக்கஞ் செய்தார். சோவியத் அரசு அவரைத் தன் வீரனாக ஏற்றுக்கொள்ள 1964 வரை எடுத்தது.

சோர்கேயை மாவீரனாகப் போற்றுபவர்கள் பலர். ஒசாகியைப் போரைத் தடுக்க முயன்ற தேசபக்தர் என்போரும், துரோகி என்போரும் இன்றும் உளர். நானோ இதைத் தொழிலின் பக்கமிருந்து பார்க்கிறேன். செய்தியாளனின் அடையாள அட்டையை வேடமாக அணிந்த ஒவ்வொருவரும், அதை வேடமாக அணியாத நூறுபேரின் மீது சந்தேகத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். சோர்கேக்கு முன்னரே, 1940இல், ரொய்ட்டரின் டோக்கியோச் செய்தியாளர் ஜேம்ஸ் கொக்ஸ் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, விசாரணையின்போது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவர் ஒற்றர் என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. கேள்வி கேட்பதும் குறிப்பெடுப்பதும் ஒற்றனுக்கும் நிருபனுக்கும் பொதுவான செயல்கள். வேறுபாட்டை நிரூபிக்கும் சுமை எப்போதும் நிருபன் தலையிலேயே விழுகிறது. எம் நாட்டு நிருபர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனிக் கற்பனை ஒற்றனிடம் வருவோம். இவனும் பத்திரிகையாளர்கள் பெற்ற பிள்ளைதான். ஜேம்ஸ் பொண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங், இலண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகைக் குழுமத்தில் வெளிநாட்டுச் செய்திகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1959இலும் 1962இலும் அவர் யப்பானுக்குச் சென்றபோது வழிகாட்டியவர்கள் இருவர். ஒருவர், அவுஸ்திரேலியச் செய்தியாளர் ரிச்சார்ட் ஹியூஸ். மொஸ்கோவுக்குத் தப்பியோடிய பிரித்தானிய ஒற்றர்கள் பேர்கெஸ், மக்லீன் இருவரையும் 1956இல் சந்தித்து உலகுக்குச் செய்தி தந்தவர் அவர். மற்றவர், அசாஹி நிறுவனத்தைச் சேர்ந்த சைட்டோ டொராவோ. 1964இல் வெளிவந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' நாவலை ஃபிளெமிங் இந்த இருவருக்குமே காணிக்கையாக்கினார். கதையில் ஹியூஸ் டிக்கோ ஹென்டர்சனாகவும், சைட்டோ யப்பானிய உளவுத்துறைத் தலைவர் 'டைகர்' தனாகாவாகவும் உருமாறினர். பின்னர் ஜோன் லு கார்ரே 1977இல் எழுதிய நாவலிலும் ஹியூஸ், கிழவர் குரோ என்ற பாத்திரமானார். ஒரே நிருபர் இரு பெரும் ஒற்றுக்கதை ஆசிரியர்களின் நூல்களில் இடம்பிடித்தது சாதாரண விடயமன்று.

ஃபிளெமிங்கின் நாயகன் சாப்பாட்டுப் பிரியன். எங்கள் சங்கர்லால் தேநீரிலேயே காலந்தள்ளியவர்; பொண்ட்டோ ஒவ்வொரு நகரிலும் என்ன உண்டான் என்பதை ஆசிரியர் விடாமல் எழுதுவார். யப்பானிய உணவில் அவருக்கு முதலில் ஆர்வமூட்டியது நஞ்சு. 1957இல் வந்த நாவலின் முடிவில், சப்பாத்து நுனியிலிருந்து நீண்ட கத்தியால் குத்துண்டு பொண்ட் சரிகிறான். அடுத்த ஆண்டு வந்த 'டொக்டர் நோ'வில், அந்தக் கத்தியில் பூசியிருந்தது யப்பானின் ஃபுகு மீனின் நஞ்சு என்று தெரியவருகிறது. யப்பானியர் உயிரைப் பணயம் வைத்து உண்ணும் மீன் அது. ஹிடெயோஷி காலத்தில் தடைசெய்யப்பட்டு, 1888இல் பிரதமர் இட்டோ ஹிரோபூமியின் விருப்பத்தால் யமகுச்சி மாகாணத்தில் தடை நீங்கிய மீன். யப்பானில் நடக்கும் நாவலில் பொண்ட் அதையே உண்டு பார்க்கிறான். 1967இல் இக்கதை திரைப்படமாயிற்று. திரைக்கதை ரோல்ட் டால். ஷோன் கொன்னரியின் புருவத்தை மாற்றி, யப்பானிய மீனவராக்கி உலவவிட்டார்கள். அந்த வேடத்தை ஒரு யப்பானியக் குழந்தைகூட நம்பியிராது. யப்பானியரோ முந்தைய ஆண்டிலேயே, மசுமுரா யசுசோவின் இயக்கத்தில், 1938இல் தோன்றிய தம் நாட்டு நகானோ உளவுப் பாடசாலையைப் பற்றி இருண்ட, சிரிப்பற்ற ஒரு படத்தை எடுத்துவிட்டிருந்தனர். இரண்டில் எது மேலானது என்று கேட்டால், நான் தயங்காமல் மசுமுராவின் பக்கம் நிற்பேன்.

பொண்ட் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் யப்பானிய வீடுகளில் பெந்தோ வேறு திசையில் வளர்ந்தது. சொசேஜைக் கீறி எண்காலியாக விரியச்செய்தல், அப்பிள் துண்டின் தோலை முயற்காதாக வெட்டுதல் முதலியன வழக்காயின. 1954இல் ஒசாக்காவில் ஒரு நிறுவனம் மீன்வடிவான சிறு பிளாஸ்திக்குக் குப்பியைச் செய்தது. மூக்கில் சிவப்பு மூடி, வயிற்றில் சோயாச் சாறு. பொண்டுக்குக் கருவிகள் செய்துகொடுத்த கிழவர் கண்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். 1990களின் பின் கியாராபென் பெருகியது. போட்டிகளும் நூல்களும் நோரித் தாளில் கண்ணும் வாயும் வெட்டும் அச்சுகளும் வந்தன.

இந்த விளையாட்டுக்குள்ளும் ஒரு கண் இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ஆன் அலிசன், தம் மகனை யப்பானியப் பாலர் பாடசாலையொன்றுக்கு அனுப்பி, தாமே பெந்தோ கட்டிய அனுபவத்தை வைத்து 1991இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அரசின் கருத்தியல் கருவியாகவே அவர் சோற்றுப் பெட்டியைக் கண்டார். பிள்ளை முழுவதையும் உண்கிறதா, குறித்த நேரத்துக்குள் உண்கிறதா என்று ஆசிரியை பார்க்கிறார். தாய் எவ்வளவு நேரம் செலவிட்டாள், பிள்ளைமீது எவ்வளவு அக்கறை கொண்டாள் என்பவற்றைப் பெட்டியே சாட்சியாகச் சொல்லிவிடுகிறது. அழகுக்கு அழகாக அடுக்கவேண்டும் என்ற நியதிக்குப் பின்னால் இப்படியொரு மதிப்பீடு நிற்பதை அவர் காட்டினார். அவரது முடிவை முழுமையாக ஏற்காதவர்களும் உண்டு. பிள்ளை சிரிக்கவேண்டும் என்பதற்காகக் காலை ஐந்து மணிக்கு எழும்புவதில் தாய்க்கும் ஓர் இன்பம் உண்டல்லவா என்பர். எனக்கு இரண்டும் ஒருங்கே உண்மையாகப் படுகின்றன. பிற்பாடு சில பாலர் பாடசாலைகள் கியாராபென்னைத் தவிர்க்குமாறு பெற்றோரைக் கேட்டன. அழகிய பெட்டி வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளை ஏங்குகிறது என்பது ஒரு காரணம். அலுமினிய மூடியை நிமிர்த்தி மறைத்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

இவ்வளவையும் படித்தபின், ஒற்றனுக்கான பெட்டியை நான் வடிவமைப்பதாயின் எப்படிச் செய்வேன் என்று தாளில் வரைந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி முகம் வேண்டாம். ஒற்றன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிய ஒற்றனை யார் நம்புவார்? மேற்பரப்பு ஒக்காயமா முறைப்படி வெறுஞ்சோறாகவே இருக்கட்டும். அடியில் நான்கு அறைகள், ஷோகாடோவின் பெட்டியைப்போல. ஓர் அறையில் பொரித்த முட்டைச் சுருள். ஒன்றில் சோயாவில் வேகவைத்த விலாங்கு. ஒன்றில் பச்சைப் பட்டாணி, எண்ணிக்கை பிள்ளைக்கும் தாய்க்கும் மட்டும் தெரிந்த குறியீடு. நாலாவது அறையில் அந்தப் பிளாஸ்திக்கு மீன்; நஞ்சுக் குப்பி என்று பிள்ளை வேண்டுமானால் நண்பர்களைப் பயமுறுத்தலாம். தென் அவுஸ்திரேலியாவில் 2025 செப்ரெம்பர் முதலாந் திகதி இந்த மீன்குப்பி தடைசெய்யப்பட்டுவிட்டது. அங்கே இது இப்போது உண்மையாகவே கடத்தற்பொருள்.

தொழில்நுட்பச் செய்திகள் இரண்டு சொல்லவேண்டும். நோரித் தாளைச் சூட்டுச் சோற்றில் ஒட்டினால் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கிவிடும். தொப்பி உச்சந்தலையில் ஏறிக்கொள்ளும். ஆகவே சோறு ஆறவேண்டும், தாளைப் பாற்கட்டித் துண்டின்மேல் வைத்து வெட்டி ஒட்டவேண்டும். மற்றது, துண்டுகளை இணைக்கும் ஊசி. அதற்குப் பற்குச்சி வைப்பது குழந்தைக்கு ஆபத்து. கைதேர்ந்தவர்கள் வேகவைக்காத ஸ்பகெட்டித் துண்டைச் செருகுவார்கள். காலையில் அது ஆணிபோல் இறுக்கிப் பிடிக்கும். பகலுக்குள் உணவின் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்றாகி, உண்பவருக்கே தெரியாமல் உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் தடயமின்றி மறையும் இந்த ஆணியை எந்த ஒற்றுக்கதை ஆசிரியரும் எழுதியதாக நான் அறியேன்.

உமெபோஷியை எங்கே வைப்பது என்பதில்தான் நீண்டநேரம் முடிவு வரவில்லை. நடுவே வைத்தால் 1939இன் கொடி. ஷினோபியின் தாக உருண்டைக்கும் புகையிரத நிலையத்து முதற்பொதிக்கும் உரிய பழத்தை விலக்கிவிடவும் மனமில்லை. இறுதியில் விதையை நீக்கி, சதையைப் பொடியாக நறுக்கிச் சோற்றோடு பிசைந்துவிடுமாறு குறித்துவைத்தேன். சோறு இலேசாகச் சிவக்கும், வட்டம் தெரியாது. மூடியைப் போட்டு, துணியில் வைத்து இரண்டு முடிச்சிட்டுக் கொடுத்தால், கவிழ்த்துத் திறப்பதா நேரே திறப்பதா என்பது பிள்ளைக்கு மட்டும் தெரியும்.